ஏழு கார்டு

கீழ் வீட்டு மெஷின் நின்றுபோனதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். "என்னங்க, தரை சும்மா கெடக்கு" என்றாள்.

நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். எங்களுக்குக் கீழே பல் லேப். டாக்டர் வாயைப் படம் பிடித்து அனுப்புவார். அதை வைத்துக் கம்ப்யூட்டரில் பல்லை வரைந்து மெஷினுக்குக் கொடுத்தால், அது வெள்ளைக் கட்டியைக் கடைந்து கடைந்து பல்லாக்கித் தரும். காலையில் ஓட ஆரம்பித்தால் எங்கள் தரை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். குடத்துத் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் வரும். குடிவந்த புதிதில் அது தலைவலியாக இருந்தது. இப்போது அது இல்லாவிட்டால் மதியம் கண் அசருவதில்லை.

அந்த வாரம் முழுக்கச் சூடான காற்று வேறு. எதிரிலிருந்த குடோனின் தகரக்கூரை ஒரு முனையில் ஆணி கழன்று படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கிறவன். வெயிலில் அலைந்துவிட்டுச் சாப்பிட வந்தவன், சாப்பிடாமல் கீழே இறங்கினேன்.

லேப் நடத்துகிற பல்லுக்காரர் அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். அந்த அறையில் நடக்க இடமே கிடையாது. நீள மேசை, அதன்மேல் யார் யாருடைய தாடைகளோ சுண்ணாம்பு அச்சாக வரிசையாக, ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட மெஷின், பக்கத்தில் பல்லைச் சுடுகிற சின்ன அடுப்பு. இந்தச் சந்துக்குள்தான் மனிதர் போவதும் திரும்புவதுமாக இருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் இடுப்பு மேசையில் இடித்தது.

அவர் மனைவியைத் தெருவில் கலரக்கா என்போம். மெஷினிலிருந்து வருகிற பல் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கும். அதில் வேரோரம் மஞ்சளும், நுனியில் லேசான நீலமும், ஆளுக்குத் தக்கபடி கறையும் தூரிகையால் ஏற்றுவது அவள் வேலை. "பீடி குடிக்கிறவருக்கு வெள்ளைப் பல்லு வச்சா வாய்க்குள்ள டியூப் லைட் போட்ட மாதிரி இருக்கும்" என்பாள். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள். அன்று வாயைத் திறக்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள்.

மூலையில் நாற்காலியில் ஒரு பெரியவர், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு. மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூவுகிறவர். லாரிப் பலகையிலிருந்து விழுந்ததில் மேல்வரிசையில் முன்பல் ஆறும் போய்விட்டது. டாக்டர் தற்காலிகமாக ஒட்டிவிட்ட பிளாஸ்டிக் பல், ரொட்டியைக் கடித்ததில் அன்று காலை உடைந்திருந்தது. பல் இல்லாமல் அவர் பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போய்விடும். காற்றை வைத்து ஏலம் விட முடியுமா?

"மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

"மெஷின் குத்துக்கல்லு மாதிரி இருக்கு" என்றார் பல்லுக்காரர். "வரையற சாஃப்ட்வேருக்கு வருஷச் சந்தா முடிஞ்சிருச்சு. கட்டலாம்னு கார்டை போட்டா போக மாட்டேங்குது."

"கணக்குல காசு?"

"இருக்கு. அதான் கூத்தே. காசு இருக்கு, காசு போக மாட்டேங்குது."

"பழைய மாதிரி மெழுகுல செஞ்சு வார்த்துட முடியாதா?"

"வார்க்கிற உலையை வித்துத்தானே இந்த மெஷினுக்கு முன்பணம் கட்டினேன். என்னை என்ன வாயில வச்சு ஊதச் சொல்றீங்களா?"

கலரக்காவின் தம்பி பாங்கில் கார்டுப் பிரிவில் இருக்கிறவன். அவனுக்குப் போன் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"அக்கா, உன் கணக்குல இருக்கறது நம்ம ஊர் காசு" என்றான் அவன். "அந்தக் கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனி. டாலர்தான் வாங்குவான். அந்த டாலரை பாங்க்தான் எடுத்துக் குடுக்கணும். இந்த மாசத்துலேருந்து ஒரு கார்டுக்கு மாசம் இவ்வளவுதான்னு அளவு வச்சுட்டாங்க. உன் சந்தா அதைப் போல ஆறு பங்கு."

"போன வருஷம் ஒரே தட்டுல போச்சேடா."

"போன வருஷம் போச்சு. இந்த வருஷம் போகாது."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

"பில்லை எடுத்துட்டு கிளைக்கு வா. தொழிலுக்குன்னு தனியா மனு குடுக்கலாம். பாத்து அனுமதிப்பாங்க. ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரத்துல எங்க டாக்டர் அந்தப் பெரிய லேப்போட சம்பந்தம் பேசி முடிச்சிடுவாரு. காலையிலயே சொல்லிட்டாரு, வாரக் கடைசிக்குள்ள பெரியவர் பல்லு வரலேன்னா மொத்த வேலையையும் அங்க மாத்திடுவேன்னு. எங்களுக்கு இருக்கறது ஒரே டாக்டருடா."

"நான் என்னக்கா பண்ண முடியும்? பொறுத்துக்கோ. நீயா எதுவும் பண்ணித் தொலைக்காத."

அவள் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லுக்காரர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். தகரம் அடித்தது.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. யார் வீட்டிலாவது விசேஷமோ வீடு கட்டுகிற வேலையோ என்றால் மற்ற வீட்டுக் குடங்களை வாங்கிக்கொண்டுபோய் வரிசையில் வைத்துவிடுவோம். லாரிக்காரனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒருநாளும் சண்டை வந்ததில்லை. கலரக்காவுக்கு அந்த நினைப்புத்தான் வந்தது.

"என்னங்க, கம்பெனி கணக்குல கொஞ்சம் கொஞ்சமா காசு போட்டு வைக்கலாமா? இல்ல ஒரே தடவைதான் கட்டணுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா போடலாம். முழுசா சேர்ந்ததும் எடுத்துக்குவான்."

"அப்ப குடம் வாங்கி வரிசையில வச்சுட வேண்டியதுதான். மாடி அண்ணே, உங்க கார்டு, உங்க வீட்டம்மா கார்டு ரெண்டையும் குடுங்க. காசு கையில குடுத்துடறேன்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவர்கள் இருவர் கார்டு, எங்கள் இருவர் கார்டு, எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மா, ஆட்டோக்காரர், கடைசியாக அந்த ஏலக்காரப் பெரியவர். ஏழு சேர்ந்தது. சின்ன அறையில் எல்லாரும் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊசி போட வரிசையில் நிற்கிற மாதிரி நின்றோம்.

"பாங்க்லேருந்து போனுக்கு நம்பர் வந்தா சொல்லணும், யாரும் அழிச்சிடாதீங்க" என்றாள் கலரக்கா.

"என் கார்டு வெளிநாடு போறது இதான் முதல் தடவை" என்றார் ஆட்டோக்காரர். "அதுவாவது போய்ப் பார்த்துட்டு வரட்டும்."

இஸ்திரிக்காரம்மா கார்டை நீட்டினாள், ஆனால் விடவில்லை. இருவர் கையிலும் கார்டு இழுபட்டது. "இதுலதான் அவரு சம்பளம் வருது. ஒண்ணும் ஆயிடாதே?"

"உன் புருஷனையா கேட்டேன், கார்டைத்தானே கேட்டேன். விடும்மா."

முதல் கார்டு போனது. இரண்டாவது போனது. ஒவ்வொரு முறையும் திரையில் பச்சை அடையாளம் வந்தபோது பல்லுக்காரர் 'ம்' என்று தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுத்தார். மூன்று, நான்கு. என் மனைவி கீழே எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். ஐந்தாவது ஏலக்காரருடையது. அதைப் போட்டதும் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றிச் சுற்றிச் சிவப்பு எழுத்து வந்தது. அவருடைய போன் 'டிங்' என்றது. பின்னாலேயே என் போன், என் மனைவி போன், இஸ்திரிக்காரம்மா போன், ஒன்றன்பின் ஒன்றாக.

பணப் பரிமாற்றம் நிறுத்தப்பட்டது. எல்லாவற்றிலும் அதே வரி.

டீ ஆறுவதற்குள் கம்ப்யூட்டரில் கம்பெனியிடமிருந்து கடிதமும் வந்துவிட்டது. பல்லுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார். ஒரே கணக்கில் பல பேருடைய கார்டு வந்ததாம், பாங்க் திருப்பி எடுத்துக்கொண்டதாம், திருட்டுக் கார்டோ என்று சந்தேகமாம், அதனால் கணக்கையே பூட்டிவிட்டார்களாம். முன்பு வரைந்து வைத்த பல்லைக்கூட இனி திறக்க முடியாது. நாங்கள் யாரென்று நிரூபிக்க வேண்டுமாம்.

"திருட்டுக் கார்டா?" என்றார் ஆட்டோக்காரர். "நாந்தான் இங்கயே நிக்கறேனே."

"எங்க காசு?" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"உங்க காசு உங்க கையில குடுத்திருக்கேன்" என்றாள் கலரக்கா. "எங்க காசுதான் எந்தக் கடல்ல மிதக்குதுன்னு தெரியல."

ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஏலக்காரர் மட்டும் போகவில்லை. வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? மார்க்கெட்டில் அவர் இடத்தில் வேறு ஒருவனை நிறுத்தியிருக்கிறார்கள் என்று காலையிலேயே எழுதிக் காட்டியிருந்தார்.

சாயங்காலம் காற்று திடீரென்று நின்று மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் தம்பி வந்தான். தலையில் ஹெல்மெட்டுடனேயே உள்ளே வந்து, அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சொட்டுச் சொட்டாகத் தரையில் தண்ணீர் விழுந்தது.

"சாப்பிடறியா?" என்றாள் அக்கா. கோபத்திலும் அவளுக்கு அது முதலில் வந்துவிடும்.

"வேணாம்." கொஞ்சநேரம் ஹெல்மெட்டைத் திருப்பிக்கொண்டிருந்தான். "அக்கா, அதை நிறுத்தினது நாந்தான்."

பல்லுக்காரர் நடையை நிறுத்தினார். "என்ன மாப்ள சொல்றீங்க?"

"எங்க வேலையே அதான் அத்தான். சந்தேகமா இருக்கறது தனியா வந்து விழும். ஒரே தெரு, ஒரே கம்பெனி, அரை மணி நேரத்துல வரிசையா கார்டு. அதைப் பார்த்தா எங்களுக்கு என்ன தோணும் தெரியுமா? பையில நாப்பது கார்டு எடுத்துட்டு வெளிநாடு போறான் ஒருத்தன். சொந்தக்காரன், கூலிக்காரன், செத்தவன் கார்டுகூட இருக்கும். அங்க போய் ஏ.டி.எம். மெஷின்ல டாலரா உருவுவான். பாங்க் விலைக்கு எடுத்து, இங்க கொண்டுவந்து தெருவுல அதிக விலைக்கு விப்பான். அவன் உருவினது நம்ம பாங்க் வச்சிருந்த டாலர். மருந்து கப்பல்ல வரும்போது கட்டறதுக்கு, எண்ணெய்க்குக் கட்டறதுக்குன்னு வச்சிருந்தது. இருக்கறதே கொஞ்சம். அதனாலதான் கார்டுக்கு அளவு."

"நான் டாலரையா வித்தேன்? பல்லுடா."

"பல்லுன்னு அதுல வராதுக்கா. நம்பர்தான் வரும்."

"பேர் வராதா?"

அவன் தரையில் சொட்டியிருந்த தண்ணீரைக் காலால் தேய்த்தான்.

"கேக்கறேன்ல. பேர் வராதா?"

"வந்துச்சு."

"என் பேரா?"

"முதல் பேரே உன் பேர்தான்."

"பார்த்துட்டுத்தான் நிறுத்தினியா?"

"பார்த்ததாலதான் நிறுத்தினேன். விட்டிருந்தா சாயங்காலம் மேலதிகாரிங்ககிட்ட போயிருக்கும். அஞ்சு பேர் கார்டையும் ஒரு வருஷம் மூடியிருப்பாங்க. அந்த இஸ்திரியம்மா வீட்டுக்காரர் சம்பளம் எதுல வருது? இப்ப வாடிக்கையாளர் தெரியாம செஞ்சதுன்னு எழுதித் திருப்பி விட்டுட்டேன். நாலஞ்சு நாள்ல காசு அவங்கவங்க கணக்குக்கு வந்துடும். அவங்ககிட்ட வாங்கிக்கோ. இது என் அக்கான்னும் அதுலயே எழுதிட்டேன். நாளைக்கு மேனேஜர் கூப்பிடுவாரு. அது என் பாடு."

அப்போதுதான் கலரக்காவின் குரல் திரும்பி வந்தது.

"நாப்பது கார்டு எடுத்துட்டுப் போனவன் நல்லா இருக்கான். அவன் வீட்டு வாசல்ல போய் நின்னியா? அவன் உருவிட்டுப் போன ஓட்டையை எங்க தலையை வச்சு அடைக்கறீங்க. மருந்து முதல்ல வரணும், சரி, நான் வேணாம்னேனா? பல்லு இல்லாதவன் மருந்தை எப்படிடா முழுங்குவான்? மனு குடு, கிளைக்கு வா, ரெண்டு வாரம். ரெண்டு வாரம் இந்த மனுஷன் இந்தச் சந்துல நடந்தே தேஞ்சு போயிடுவாரு. உன் சம்பளம் ஒண்ணாம் தேதி வந்துடும். எங்களுக்கு அந்த மெஷின் சுத்தினாத்தான் அடுப்பு எரியும்."

மழையையும் மீறி அவள் சத்தம் போனது. எதிர்க் குடோன் காவலாளி குடையோடு எட்டிப் பார்த்தார். மாடியிலிருந்து என் மனைவி இறங்கி வந்துவிட்டாள்.

"ஆமாக்கா" என்றான் தம்பி. "கள்ளனுக்கு வச்ச அளவு உன் கழுத்துல விழுது. ஆனா உன் ஒருத்திக்குன்னு கதவைத் திறந்தா, வரிசையில நிக்கற மத்தவன் அக்காவுக்கு யாரு திறப்பா?"

"பேசறான் பாரு, பாங்க் சுவரு பேசற மாதிரி."

அப்போது மூலையிலிருந்து ஒரு சத்தம். ஏலக்காரர் துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். முதல்முறையாக அவர் வாயைப் பார்த்தோம். கலரக்காவைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். பாதி புரிந்தது, பாதி காற்று. மேசையிலிருந்த பென்சிலை எடுத்துச் சுண்ணாம்புத் தூள் படிந்த அட்டையில் எழுதினார். தம்பி வாங்கிப் படித்தான்.

"'இந்தத் தொண்டையை எனக்குக் குடுங்க. பல்லு வர்ற வரைக்கும் நான் விரலைக் காட்டறேன், இந்தம்மா கூவட்டும். நான் காத்திருக்கேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்.'"

"இவளா? ஏலமா?" என்றார் பல்லுக்காரர்.

"ஏன், வீட்டுல தினம் நான் கூவறேன், நீங்க ஒருத்தர்தானே கேக்கறீங்க" என்றாள் அவள். கோபம் தீரவில்லை. ஆனால் துடைப்பத்தை எடுத்து, தம்பியின் ஹெல்மெட்டிலிருந்து வழிந்த தண்ணீரை வாசலுக்குத் தள்ளினாள்.

ஏலக்காரர் மறுநாளே டாக்டரிடம் போனார். என் வாய், நான் பொறுக்கிறேன், வேறு இடத்துக்கு அனுப்பாதீர்கள் என்று எழுதிக் காட்டினாராம். டாக்டர் அரைமனதாகத் தலையாட்டியிருக்கிறார். தம்பி விடுப்புப் போட்டுவிட்டு வந்து, அத்தானைக் கிளைக்குக் கூட்டிப்போய் மனு கொடுக்க வைத்தான். கம்பெனிக்கும் லேப் உரிமத்தைப் படம் எடுத்து அனுப்பி, கார்டு கொடுத்தவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள்தான் என்று விளக்கி ஒரு கடிதம் போட்டார்கள். மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டாரா, என்ன சொன்னார் என்று அவனும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நடுவில் பல்லுக்காரர்தான் தூது. "கம்பெனிக்காரன் பூட்டைத் திறந்துட்டானான்னு உங்க தம்பி கேக்கறாரு." "திறந்துட்டான், காசுதான் போகலேன்னு அந்தச் சுவருகிட்ட சொல்லுங்க."

மெஷின் மட்டும் ஓடவில்லை. எங்கள் தரை அசையாமல் கிடந்தது. இருட்டு பிரிவதற்குள் கீழ்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். கலரக்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள்.

மழை விடவேயில்லை. மலைப்பக்க ரோடு அறுந்து, வரவேண்டிய லாரிகளில் பாதி வரவில்லை. அந்த நாட்களில் ஒரு காலை, மார்க்கெட் மீட்டர்களைப் பார்க்க நான் போயிருந்தேன். தார்ப்பாய்க்குக் கீழே சேறு. ஈரச் சாக்கு வாடை. நடுவில் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் கலரக்கா நின்றிருந்தாள். பக்கத்தில் ஏலக்காரர் வாயைத் துண்டால் பொத்தியபடி விரல்களை மடக்கி மடக்கி விலை காட்ட, அவள் கூவிக்கொண்டிருந்தாள். சாயம் தொட்டு வைக்கிற அந்தக் கை தக்காளியைத் தூக்கித் தூக்கிக் காட்டியது.

"பழம் பாருங்க, கன்னம் மாதிரி இருக்கு. உங்க கன்னம் இல்லண்ணே, முகத்தைத் தடவாதீங்க. கேளுங்க, கேளுங்க."

ஒரு ஓட்டல் முதலாளி முன்னால் வந்தார். "இருக்கறது மொத்தத்தையும் எனக்கு முடிச்சு விடு. அவங்க கேட்டதுக்கு மேல தர்றேன்."

அவள் ஏலக்காரரைப் பார்த்தாள். அவர் கூடாதென்று தலையை ஆட்டினார், ஐந்து விரலை விரித்துக் காட்டினார். பின்னால் தள்ளுவண்டிக்காரர்கள், கூடைக்காரப் பெண்கள், ஈரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஆளுக்கு அஞ்சு பெட்டிதான்" என்றாள்.

"என்னம்மா, புதுசா வந்து சட்டம் பேசற? நான் தினம் முப்பது எடுக்கறவன்."

"முப்பது வந்தப்ப எடுத்தீங்க. இன்னைக்கு வந்ததே நாப்பது."

"நான் என்ன பதுக்கியா வைக்கப் போறேன்? எங்கிட்ட சாப்பிட வர்றவன் காத்துட்டு இருக்கான்."

"இருக்கலாம்ணே. உங்க மூஞ்சியைப் பார்த்தா பதுக்கற ஆளாவும் தெரியல. அதுக்காக உங்களுக்கு மட்டும் எப்படி விட முடியும்? பின்னால நிக்கறவங்க வெறும் வண்டியைத் தள்ளிட்டுப் போவாங்களா? அஞ்சு. வேணும்னா எடுங்க, இல்லேன்னா வழி விடுங்க."

சொல்லி முடித்தபோதுதான் அவள் கண்ணில் பட்டது. கூட்டத்தின் ஓரத்தில், தார்ப்பாய் ஒழுகுகிற இடமாகப் பார்த்து, நனைந்த சட்டையோடு அவள் தம்பி நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

ஓட்டல்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஐந்து பெட்டியை ஏற்றினார். கலரக்கா மீதியை மளமளவென்று கூவி முடித்தாள். பெட்டியிலிருந்து இறங்கினாள். சேற்றில் நடந்து தம்பிக்கு நேர் எதிரே போய் நின்றாள். நான் பக்கத்து மீட்டரை ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன். இருந்தாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிரிச்சே, பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன்" என்றாள். அத்தனை நாளைக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"தட்டு" என்றான் அவன். "இன்னைக்கே செஞ்சு மாட்டிக்கறேன். காலையில அனுமதி வந்துடுச்சு. அத்தான் கட்டிட்டாரு. மெஷின் ஓடுது."

அவள் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை, கொஞ்சம் வலிக்கும்படியாகவே, பின்னால் தள்ளிவிட்டாள்.

"பெரியவரே, கேட்டீங்களா?" என்று திரும்பிக் கூவினாள். "வந்து உக்காருங்க. உங்க பல்லுக்கு நானே கலர் ஏத்தறேன்."

ஏலக்காரர் அப்போதுதான் உள்ளே வருகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை வாயிலிருந்து எடுக்காமலே இன்னொரு கையால் அந்த லாரியைக் காட்டினார். பிறகு, கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியைக் காட்டினார்.

"ஏறுக்கா" என்றான் தம்பி. "பல்லு சாயங்காலத்துக்குத்தான் வரும்."

அவள் ஏறினாள்.